தொழில் உரிம அலுவலகத்தைச் சீர்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மின்கம்பியாளர், மின் மேற்பார்வையாளர், மருந்தாளுநர், செவிலியர் போன்றோர் தொழிலை எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும், அரசின் சான்றோ பதிவோ கைக்கு வரும்வரை அதைச் சட்டப்படி செய்ய இயலாது. உரிம அலுவலகத்தில் ஒரு கோப்பு மூன்று மாதம் கிடந்தால், ஒரு குடும்பத்தின் மூன்று மாத வருமானமும் அங்கேயே கிடக்கிறது. அதே அலுவலகம் தகுதியில்லாத ஒருவருக்குச் சான்று கொடுத்துவிட்டால், சரியாக எர்த் செய்யப்படாத ஒரு வீட்டில் உயிர் போகலாம். தவறான மருந்து ஒரு நோயாளியின் கைக்குப் போகலாம். இந்த இரண்டு பொறுப்புகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பல அலுவலர்கள் நினைக்கிறார்கள். விரைவாகக் கொடுத்தால் கவனம் குறையும், கவனமாகப் பார்த்தால் தாமதம் தவிர்க்க முடியாதது என்பது அவர்களுடைய எண்ணம். இந்த வழிகாட்டி அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. உரிம அலுவலகங்களின் நேரத்தில் பெரும்பகுதி ஒருவரின் திறமையைச் சோதிப்பதில் செலவாவதில்லை; தலைப்பெழுத்து மாறியிருப்பதையும், மேலொப்பம் இல்லாததையும், புகைப்படத்தின் அளவையும் பற்றிக் கடிதம் எழுதுவதில் செலவாகிறது. அந்த நேரத்தை மீட்டு, உண்மையான ஆபத்து உள்ள இடத்தில் செலவிடுவதே இங்கே கூறப்படும் எல்லாப் படிகளின் நோக்கமும் ஆகும்.

ஒரு வாரியத்துக்கோ குழுமத்துக்கோ புதிதாகப் பொறுப்பேற்கும் செயலர், பதிவாளர், கண்காணிப்பாளர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. சீர்திருத்தம் கோரும் தொழிற்சங்கங்களும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதைப் பயன்படுத்தலாம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டைச் சார்ந்தவை. பிற இடங்களில் செய்து பார்க்கப்பட்டவை பொருந்தும் இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.

படி 1: சட்டம் கேட்பதையும் வழக்கம் கேட்பதையும் பிரித்தெழுதுங்கள்

அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவு எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. 19(6) பிரிவு, ஒரு தொழிலுக்குத் தேவையான தொழில்முறைத் தகுதிகளை விதிக்க அரசை அனுமதிக்கிறது. உரிமம் என்பது ஒரு சலுகை அல்ல. உரிமையின் மீது பொதுநலன் கருதி வைக்கப்பட்ட நியாயமான கட்டுப்பாடு. எனவே அலுவலகம் கேட்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சட்ட அடிப்படை இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துடன் கேட்கப்படும் ஆவணங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது சட்டத்தில் உள்ளதா, விதியில் உள்ளதா, அரசாணையில் உள்ளதா, வெறும் சுற்றறிக்கையில் உள்ளதா, அல்லது எதிலும் இல்லாமல் 'முன்பிருந்தே கேட்டு வருகிறோம்' என்ற வகையைச் சேர்ந்ததா என்று குறியுங்கள். மருந்தாளுநர் பதிவுக்கு 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டமும், செவிலியர் பதிவுக்கு 1926ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் அடிப்படைகள். மின்பணிகளைப் பொறுத்தவரை, சிறு மாற்றுப் பணிகள் நீங்கலாக, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் பணியைச் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எதிலும் இல்லாத வகை எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும். அதில் உள்ளவற்றை ஒரே ஆணையில் நீக்கலாம். சட்டத் திருத்தம் தேவையில்லை, செலவும் இல்லை. அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் மேலொப்பம் முதலில் நீங்க வேண்டியவற்றுள் ஒன்று. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2009ஆம் ஆண்டிலேயே தற்சான்றை, அதாவது விண்ணப்பதாரரே தம் ஆவணங்களுக்குச் சான்றளிப்பதை, வலியுறுத்தியது. முன்பின் அறியாத ஓர் அலுவலர் அவசரமாக இட்ட பச்சை மைக் கையொப்பம் எந்தப் போலிச் சான்றையும் தடுத்ததில்லை.

படி 2: கோப்பு எங்கே காத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகக் கணினி மென்பொருள் வாங்கும் அலுவலகங்கள், பழைய தாமதத்தையே புதிய திரையில் பார்க்கின்றன. அண்மையில் முடிந்த கோப்புகளில் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ ஐம்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். முடிந்தவற்றில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை. தபால் பிரிவில் வந்த நாள், பகிர்மானப் பதிவேட்டில் ஏறிய நாள், உதவியாளர் தம்மிடம் வரும் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் பதிவான நாள், முதல் குறிப்பு எழுதப்பட்ட நாள், விண்ணப்பதாரருக்குக் குறைபாட்டுக் கடிதம் போன நாள், பதில் வந்த நாள், கண்காணிப்பாளர் பார்த்த நாள், ஒப்புதல் கிடைத்த நாள், சான்று அச்சான நாள், அஞ்சலில் சேர்த்த நாள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள்.

பிறகு இரண்டு கூட்டல்களைச் செய்யுங்கள். யாரேனும் உண்மையில் கோப்பைக் கையில் வைத்து வேலை செய்த நேரம் ஒன்று. அது மேசையில் காத்திருந்த நேரம் மற்றொன்று. முதலாவது மணிக்கணக்கிலும் இரண்டாவது வாரக்கணக்கிலும் வருவதே பொதுவான நிலை. காத்திருப்பு பெரும்பாலும் இரண்டு இடங்களில் குவியும்: குறைபாட்டுக் கடிதம் போய்த் திரும்பும் இடைவெளியிலும், ஒரே ஓர் அலுவலரின் கையொப்பத்துக்காக எல்லாக் கோப்புகளும் சேரும் இடத்திலும். இரண்டாவதற்கு மருந்து எளிது. நகல் சான்று, முகவரி மாற்றம் போன்றவற்றை முடிக்கும் அதிகாரத்தைக் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் பகிர்ந்தளித்துவிடலாம். முதலாவது கடினமானது. அடுத்த இரண்டு படிகளும் அதற்காகவே உள்ளன.

அளவீட்டின்போது பணியாளர்களைக் குற்றவாளிகள்போல் நடத்த வேண்டாம். காலியிடங்கள் நிரப்பப்படாமல் ஒருவரே மூன்று இருக்கைகளின் பணியைப் பார்க்கும் அலுவலகங்கள் நிறைய உள்ளன. அங்கே தேக்கத்தின் காரணத்தை உதவியாளரின் தன்பதிவேட்டில் தேடுவது அநீதி. கோப்புகளின் வரவையும் முடிவையும் மாதவாரியாகக் காட்டும் ஒரு பக்க அறிக்கைதான், காலியிடங்களை நிரப்பக் கோரி அரசுக்கு எழுதும் கடிதத்துக்கு மிக வலுவான இணைப்பு.

படி 3: குறைபாட்டை ஒரே முறைதான் சொல்ல வேண்டும்

முதல் கடிதத்தில் மதிப்பெண் பட்டியல் தெளிவாக இல்லை என்று எழுதுவார்கள். அதைச் சரிசெய்து அனுப்பினால், இரண்டாவது கடிதத்தில் கட்டணச் சீட்டின் தேதி கேட்கப்படும். மூன்றாவதில் அனுபவச் சான்றின் படிவம் தவறு என்று வரும். ஒவ்வொரு சுற்றும் பல வாரங்களை விழுங்கும். இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்தச் சுற்றுகளில்தான். 'அண்ணே, எவ்வளவு கொடுத்தா உடனே முடியும்?' என்று ஒரு தொழிலாளி கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளுவது, மூன்றாவது கடிதம் எப்போது வரும், அதில் என்ன இருக்கும் என்று தெரியாத நிலைதான்.

எனவே ஓர் ஆணை தேவை: விண்ணப்பம் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் அதை முழுமையாகப் பார்த்து, எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டும், அதற்குப் பிறகு புதிய குறை எதையும், செயலரின் எழுத்துமூல ஒப்புதலும் காரணமும் இல்லாமல் எழுப்பக்கூடாது. இந்த ஒரு விதி மட்டும் நேர்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டாலே அலுவலகத்தின் முகம் மாறிவிடும். இதற்கு ஒரு துணை விதியும் உண்டு. சிறு குறைக்காக விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக்கூடாது. கோப்பை அதன் வரிசை எண்ணுடன் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு, விடுபட்டதை மட்டும் கேட்க வேண்டும். குறுஞ்செய்தியிலும் தமிழில் கேட்க வேண்டும்.

படிவத்தைத் திருத்துவதும் இதே படியைச் சேர்ந்தது. கடந்த ஆண்டு அனுப்பிய குறைபாட்டுக் கடிதங்களை வகைப்படுத்திப் பார்த்தால், ஐந்தாறு குறைகளே மீண்டும் மீண்டும் வருவது தெரியும். பத்தில் நான்கு பேர் ஒரே கட்டத்தைத் தவறாக நிரப்புகிறார்கள் என்றால், தவறு படிவத்தில் இருக்கிறது. நிரப்பப்பட்ட மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் வெளியிடுங்கள். திருத்திய படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், அலுவலகத்துக்கு வரும் உண்மையான விண்ணப்பதாரர்கள் சிலரிடம் கொடுத்து, உதவி இல்லாமல் நிரப்பச் சொல்லி, எங்கே தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

படி 4: தலைப்பெழுத்துச் சிக்கலுக்கு எழுத்துமூல விதி வகுங்கள்

வெளிமாநிலத்தில் வடிவமைக்கப்பட்ட எந்த நடைமுறையும் நமக்கு இதைத் தீர்த்துத் தராது. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும், ஆதாரில் பின்னால் வரும், கடவுச்சீட்டில் விரிந்து தந்தையின் முழுப் பெயராகும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். திருமணமான பெண்களின் தலைப்பெழுத்து தந்தையிலிருந்து கணவருக்கு மாறியிருக்கும். படித்த சான்று ஒன்றாகவும் அடையாள அட்டை வேறாகவும் நிற்கும். செவிலியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதால், பெயர் ஒவ்வாமையின் சுமை அவர்கள்மீதே அதிகம் விழுகிறது. 

வழக்கமாக அலுவலகம் கேட்பது, அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. உண்மையில் பெயரை மாற்றிக்கொண்டவருக்கு அது பொருத்தமானது. தலைப்பெழுத்து மட்டும் இடம் மாறிய ஒருவரை அதே வழியில் அனுப்புவது அவருடைய பணத்தையும் வாரங்களையும் வீணாக்குகிறது. அலுவலகத்துக்கும் எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. நான் பரிந்துரைக்கும் விதி இது. தகுதிச் சான்றில் உள்ள பெயரும் பிறந்த தேதியுமே பதிவேட்டின் அடிப்படை. தலைப்பெழுத்தின் இடமாற்றம், அதன் விரிவாக்கம், எழுத்துக்கூட்டல் வேறுபாடு, திருமணத்தால் மாறிய தலைப்பெழுத்து ஆகிய நான்குக்கும் தற்சான்று உறுதிமொழி போதும். பெயரே வேறு, அல்லது பிறந்த தேதி வேறு என்றால் மட்டும் அரசிதழோ உரிய ஆவணமோ கேட்கப்படும். பதிவேட்டில் 'பிற அறியப்பட்ட பெயர் வடிவம்' என்று ஒரு கட்டம் வைத்துவிட்டால், வெளிநாடு செல்லும்போது கடவுச்சீட்டுப் பெயருக்கும் பதிவுப் பெயருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பின்னர் இன்னொரு கோப்பு உருவாகாது.

படி 5: விண்ணப்பங்களை ஆபத்தின்படி பிரியுங்கள்

புதிய பதிவு, புதுப்பித்தல், நகல், முகவரி மாற்றம், பிற மாநிலத்திலிருந்து வருவோரின் பதிவு ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் நிற்கும் அலுவலகத்தில், மிகவும் கவனம் தேவைப்படும் விண்ணப்பத்துக்குப் போதுமான கவனம் கிடைக்காது. புகார் எதுவும் இல்லாதவரின் புதுப்பித்தலுக்குக் கட்டணமும் உறுதிமொழியும் போதும். தொடர்கல்வி போன்ற நிபந்தனைகள் இருந்தால், நூற்றில் ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து ஆவணங்களைச் சரிபார்க்கலாம். பொய் உறுதிமொழிக்கான தண்டனை தெளிவாகவும் கடுமையாகவும் இருக்க வேண்டும்.

எல்லோருடைய உரிமமும் ஒரே நாளில் காலாவதியாகும் ஏற்பாட்டையும் விதி அனுமதித்தால் மாற்றுங்கள். ஆண்டிறுதியில் மலைபோல் குவிவது, பிறந்த மாதத்தின்படி பிரித்தால் பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவிவிடும்.

படி 6: அனுபவச் சான்றின் இடத்தில் திறமையைச் சோதியுங்கள்

மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு, வயரிங் தொழிலில் ஐந்தாண்டு செய்முறை அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் அறிவிப்புகள் கூறுவது வழக்கம். பள்ளிப்படிப்பைத் தொடர முடியாமல் சிறுவயதிலேயே மேஸ்திரியிடம் சேர்ந்து தொழில் கற்றவர்களுக்கு முறையான சான்று கிடைக்கும் வழி இது. இந்தக் கதவு திறந்திருப்பது மிகவும் நல்லது. சிக்கல், அனுபவத்தை எப்படி மெய்ப்பிப்பது என்பதில் உள்ளது. உரிமம் இல்லாத மேஸ்திரியிடம் ஐந்தாண்டு உழைத்தவரிடம் எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஒருநாளும் வயரிங் குழாய் பதித்திராத ஒருவர், தெரிந்த ஒப்பந்ததாரரிடம் கடிதம் வாங்கி வந்துவிடுவார். நேர்மையானவரைத் தடுத்து, நேர்மையற்றவரை உள்ளே விடும் நிபந்தனை இது.

ஆகவே அனுபவக் கடிதத்துக்கான எடையைக் குறைத்து, செய்முறைத் தேர்வுக்கான எடையைக் கூட்டுங்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. அங்கே தேர்வை நடத்தி, பலகையில் இருவழிச் சுவிட்ச் இணைப்பைச் செய்யச் சொல்லுங்கள், மெக்கர் கொண்டு காப்புத்தடையை அளக்கச் சொல்லுங்கள், வேண்டுமென்றே தவறாக அமைத்த ஓர் இணைப்பைக் காட்டி எங்கே ஆபத்து என்று கேளுங்கள். அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். தேர்வைத் தமிழில் எழுதவும் வாய்மொழியாக விடையளிக்கவும் வழி இருக்க வேண்டும், ஏனெனில் சோதிக்கப்படுவது கைத்திறமையும் பாதுகாப்பு உணர்வும்தான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் தேர்வில் தவறியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதாகிறது. இயன்றவரை அதைக் காலாண்டுக்கு ஒருமுறை ஆக்குங்கள்.

படி 7: காலக்கெடுவுக்குப் பல் இருக்கட்டும்

மத்தியப் பிரதேசம் 2010இல் பொதுச் சேவை உறுதிச் சட்டத்தை இயற்றியபோது, உரிய காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் என்று வைத்தது. கர்நாடகத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், 'சகாலா' என்ற பெயரில் 2012இல் நடைமுறைக்கு வந்தது. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், மிகுதியாக 500 ரூபாய் வரை விண்ணப்பதாரருக்கு இழப்பீடு. தொகை சிறியது. அதன் வலிமை தொகையில் இல்லை; விண்ணப்பிக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டதிலும், அந்த எண்ணைக் கொண்டு கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று யாரும் பார்க்க முடிந்ததிலும் இருந்தது. தனிச் சட்டம் இல்லாத இடத்திலும் ஓர் உரிம வாரியம் தன் அளவில் இதைச் செய்துகொள்ளலாம்: சேவைவாரியான நாட்களை அறிவித்தல், எண் தருதல், கெடு தாண்டியதும் கோப்பு தானாக மேலலுவலரின் பட்டியலில் ஏறுதல்.

கெடு முடிந்தால் உரிமம் வழங்கப்பட்டதாகவே கொள்ளும் முறையைச் சிலர் வலியுறுத்துகிறார்கள். முகவரி மாற்றத்துக்கும் புதுப்பித்தலுக்கும் அது பொருந்தும். உயிரோடு தொடர்புடைய புதிய உரிமங்களுக்கு அதை நான் ஏற்கமாட்டேன். அலுவலகத்தின் சோம்பலுக்கு நோயாளி விலை கொடுக்கக் கூடாது.

படி 8: சான்றை அது பிறந்த இடத்திலேயே சரிபாருங்கள்

நகலில் முத்திரை பார்ப்பதைவிட, சான்று வழங்கிய பல்கலைக்கழகத்திடமோ தேர்வுத் துறையிடமோ நேரடியாகக் கேட்பதே பாதுகாப்பானது. டிஜிலாக்கர் வழியாக வரும் ஆவணங்களுக்கு மூல ஆவணத்துக்கு ஒப்பான மதிப்பு 2017 முதல் விதிகளிலேயே உள்ளது. அவற்றுக்கு மீண்டும் மூலச் சான்றைக் கொண்டுவரச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கையெழுத்துச் சான்றுகளுக்கு மட்டும், வாரம் ஒருமுறை மொத்தமாகப் பட்டியல் அனுப்பிச் சரிபார்க்கும் ஏற்பாட்டைக் கல்வி நிறுவனங்களுடன் செய்துகொள்ளுங்கள்.

அதேபோல் நீங்கள் வழங்கும் சான்றும் பிறரால் நொடியில் சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். பெயர், பதிவு எண், தகுதி, செல்லுபடியாகும் நாள், நடப்பு நிலை ஆகியவை பொதுத் தேடலில் கிடைக்கட்டும். வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி கிடைக்க வேண்டாம். வளைகுடா நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் செல்லும் நம் செவிலியர்களுக்கு நன்னிலைச் சான்றும் (பதிவு நடப்பில் உள்ளது, நடவடிக்கை எதுவும் இல்லை என்ற சான்று) பதிவுச் சரிபார்ப்பும் தேவைப்படுகின்றன. வெளிநாட்டு நிறுவனம் கொடுக்கும் கெடு குறுகியது. அது தவறினால் வேலையே கைநழுவிவிடும். இவ்வகை விண்ணப்பங்களுக்குத் தனி வரிசையும் தனி மின்னஞ்சலும் வைப்பது எந்த விதியையும் மீறாது. பிற மாநிலத்திலிருந்து வருவோருக்கும் இதே பார்வை தேவை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2019இல், வேறு மாநிலத்தில் நல்ல நிலையில் உரிமம் வைத்திருப்போர் குடியேறினால் பெரும்பாலான தொழில்களில் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை என்று சட்டமியற்றியது. இந்தியச் செவிலியர் குழுமம் வழங்கும் தேசிய அடையாள எண் இருக்கும்போது, இங்கே அதைச் செய்வது இன்னும் எளிது.

படி 9: மிச்சமான நேரத்தைப் புகார்களுக்குக் கொடுங்கள்

உரிம அலுவலகத்தின் பணி சான்று கொடுத்ததோடு முடிவதில்லை. மின்விபத்துக்குப் பின் வரும் புகார், வாடகைக்கு விடப்பட்ட மருந்தாளுநர் சான்று, உரிமம் பெற்றவர் கையொப்பம் மட்டும் இட்டு வேறொருவர் செய்த பணி ஆகியவை உயிரோடு தொடர்புடையவை. இவைதான் பல இடங்களில் கடைசி மேசையில் கிடக்கின்றன. முதல் எட்டுப் படிகளால் விடுபடும் பணியாளர்களில் குறைந்தது ஒருவரையேனும் முழுநேரமாக இதற்கு மாற்றுங்கள். புகாரை ஆபத்தின்படி வகைப்படுத்தி, உயிர்ப்பாதிப்பு உள்ளவற்றை உடனே எடுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அறிவிப்பும் விளக்கமளிக்கும் வாய்ப்பும் காரணங்களுடன் கூடிய ஆணையும் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்த ஆணை நிற்காது.

யார் விசாரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் பல் மருத்துவத் தேர்வாளர் வாரியத்தில் பெரும்பான்மையோர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். பற்களை வெண்மையாக்கும் சேவையைக் குறைந்த விலையில் அளித்த மருத்துவரல்லாதோரை நிறுத்தச் சொல்லி அந்த வாரியம் கடிதங்கள் அனுப்பியது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசின் முனைப்பான மேற்பார்வை இல்லாத இத்தகைய வாரியத்துக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தொழிலின் அறிவு வாரியத்துக்குத் தேவை. தொழிலில் இருப்போரின் போட்டி நலன் தேவையில்லை. விசாரணைக் குழுவில் நுகர்வோர் சார்பிலோ சட்டத் துறையிலிருந்தோ ஓர் உறுப்பினர் இருப்பதும், தன் போட்டியாளர் மீதான புகாரில் உறுப்பினர் விலகிக்கொள்வதும் எழுத்தில் விதியாக வேண்டும்.

படி 10: எதை முதலில் செய்வது

பத்தையும் ஒன்றாகத் தொடங்கினால் ஒன்றும் முடியாது. முதல் மாதத்தில் அளவீட்டையும் ஆவணப் பட்டியலையும் முடியுங்கள். அடுத்து, ஆணை ஒன்றே போதுமானவற்றை வெளியிடுங்கள்: ஒருமுறைக் குறைபாட்டு விதி, தலைப்பெழுத்து விதி, மேலொப்ப நீக்கம், அதிகாரப் பகிர்வு. பழைய தேக்கத்தை அன்றாடப் பணியோடு கலக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் கொண்ட தனிக் குழு, மிகப் பழைய கோப்பிலிருந்து தொடங்கி அதை முடிக்கட்டும். தேர்வு முறை மாற்றம், பொதுப் பதிவேடு, மென்பொருள் ஆகியவை அதன் பிறகு வரட்டும். மென்பொருளை ஒப்படைக்கும்போது, திருத்திய நடைமுறையை எழுதிக் கொடுத்து அதன்படிதான் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். இணையவழி விண்ணப்பம் வந்த பின்னும், கைப்பேசியில் நிரப்ப இயலாதவர்களுக்காக இ-சேவை மையத்திலும் அலுவலக முகப்பிலும் உதவி தொடர வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே தகவல்களை வெளியிடும் கடமையைப் பொது அமைப்புகளுக்கு விதிக்கிறது. அதன்கீழ் மாதந்தோறும் ஒரு பக்கத்தை அலுவலக வாயிலிலும் இணையதளத்திலும் வெளியிடுங்கள்: ஒவ்வொரு வகையிலும் வந்தவை, முடிந்தவை, கெடு தாண்டியவை, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாட்டுக் கடிதம் அனுப்பப்பட்டவை, நிலுவையில் உள்ளவற்றில் மிகப் பழைய விண்ணப்பத்தின் தேதி. சராசரி நாட்களை மட்டும் வெளியிட வேண்டாம். சராசரி நன்றாக இருக்கும்போதே, ஓராண்டாகக் காத்திருக்கும் ஒருவர் அதற்குள் மறைந்துவிடுவார். அந்த மிகப் பழைய தேதியைச் செயலர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலில் பார்த்து, அந்தக் கோப்பை அன்றே தம் மேசைக்கு வரவழைக்க வேண்டும்.